கிடங்கைக் கட்டிவிடலாம், இருப்பை யார் எண்ணுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்குக் கிடங்குகளின் வளர்ச்சி பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கோவையில் பம்புசெட்டும் மோட்டாரும் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து, அதன் மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். அந்தச் செய்திகளில் பேசப்படாத ஒரு பக்கத்தை, ஆலைக்குள் இருக்கும் சரக்கின் கணக்கை, வாசகர்கள் முன் வைக்க விரும்பியே இதை எழுதுகிறேன்.

கிடங்குத் தொழிலுக்கு இது நல்ல காலம் என்பதில் ஐயமில்லை. 2017 நவம்பரில் மத்திய அரசு இத்துறைக்கு உள்கட்டமைப்புத் தகுதி அளித்ததால் நீண்ட காலக் கடன் கிடைப்பது எளிதாயிற்று. 2022 மே மாதம் திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் பன்முகச் சரக்குப் போக்குவரத்துப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கை வந்தது; 2023-இல் தமிழக அரசும் தனக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தகரக் கூரைகள்தாம் தெரிகின்றன. ஆனால் இவையெல்லாம் தொழிற்சாலையின் வாயிற்கதவுக்கு வெளியே நடப்பவை. நான் கண்ணால் கண்ட இழப்புகளில் பெரும்பகுதி, கதவுக்கு உள்ளே, நாற்பதடிக்கு அறுபதடி ஸ்டோர் அறையில், சதுர அடிக் குறைவால் நேராமல் கணக்குக்கும் அலமாரிக்கும் இடையே விழுந்த இடைவெளியால் நேர்ந்தது.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். மோட்டாரில் பொருத்தும் 6205 என்ற பேரிங் எங்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது. இருபுறமும் தகட்டு மூடி போட்ட அதே பேரிங்கை ஒரு தயாரிப்பாளர் ‘இசட்இசட்’ என்று குறிப்பார். இன்னொருவர் ‘2இசட்’ என்று குறிப்பார். எங்கள் கணினியில் ஒரு காலத்தில் இது ‘6205 இசட்இசட்’ என்றும், ‘6205 2இசட்’ என்றும், யாரோ அவசரத்தில் பதிந்த ‘பேரிங் 6205’ என்றும் மூன்று பெயர்களில் இருந்தது. ஒரு பெயரில் இருப்பு பூஜ்யத்துக்கு வந்ததும் கொள்முதல் பிரிவு இருநூறு பேரிங்குக்கு ஆர்டர் போட்டது. அந்த வேளையில் மற்ற இரண்டு பெயர்களிலும் சேர்ந்து முந்நூற்று நாற்பது பேரிங்குகள் ரேக்கில் இருந்தன. சரக்கை இறக்கி வைத்த சுமைப்பணியாளர்தாம், “இதே டப்பா மேல் தட்டிலும் இருக்குதுங்களே சார்” என்று சொன்னார். நாங்கள் பல லட்சம் கொடுத்து வாங்கியிருந்த மென்பொருள் சொல்லவில்லை.

இன்னொன்று, எனக்கு இன்றும் உறுத்தலாக இருப்பது. ஒரு மார்ச் 31 கணக்கெடுப்பில் மோட்டாருக்குள் சுற்றும் (வைண்டிங்) செம்புக் கம்பி நூற்றைம்பது கிலோவுக்கு மேல் குறைந்தது. செம்பு என்றாலே முதலாளிகளுக்குத் திருட்டு நினைவுதான் வரும். வைண்டிங் பிரிவில் இருந்தவர்களை வாயிலில் நிறுத்திச் சோதிக்கத் தொடங்கினார்கள். பத்து ஆண்டுகளாக வேலை பார்த்த ஒருவர் அந்த அவமானம் பொறுக்காமல் வேலையை விட்டே போய்விட்டார். பின்னர் தெரிய வந்தது இதுதான்: கம்பி சுற்றி வரும் உருளையான ஸ்பூலை முழுதாக வழங்கும்போது அதன் சீட்டில் அச்சிட்டிருந்த நிகர எடையை எழுதினோம், வேலை முடிந்து மிச்சக் கம்பியோடு திரும்பி வந்த ஸ்பூலை அப்படியே தராசில் வைத்து, வந்த எடை முழுவதையும் கம்பி என்று வரவு வைத்தோம். அந்த மிச்சத்தை உருவி எடுத்துப் பழைய செம்பாக விற்றபோதோ நிகர எடைதான் கணக்கில் கழிந்தது. காலி ஸ்பூலின் எடை அரைக் கிலோ. நாளுக்கு ஒரு ஸ்பூல் திரும்பினாலும் முந்நூறு வேலை நாளில் நூற்றைம்பது கிலோ செம்பு, இல்லாமலே இருப்பில் ஏறிவிடும். காலி ஸ்பூலை யாரும் ஒருமுறைகூட எடை போட்டுப் பார்க்கவில்லை. அதைச் செய்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

இருப்பு ஏன் வைக்கிறோம் என்பதில் தொடங்கினால்தான் சரியான கணக்கின் அருமை புரியும். பம்பு விற்பனை வெயிலோடு போகும் வியாபாரம். வார்ப்பட ஆலைக்காரர் தம் வசதிப்படி வார்த்துத் தருவார். கடைசல் வேலைக்கு வெளியே அனுப்பிய உருப்படிகள் அவர்கள் மனம் வைத்தால் வரும். விவசாயியோ கிணற்றில் நீர்மட்டம் இறங்கிய அன்று மோட்டார் வேண்டும் என்பார். கார்த்திகை, மார்கழியில் தயாரித்து அடுக்கி வைத்தால்தான் மாசி, பங்குனியில் விற்க முடியும். இடையே மழை எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பெய்துவிட்டால் அடுக்கியது அடுக்கியபடியே நிற்கும். ஆக எங்கள் குடோனில் இருந்த ஒவ்வொரு பெட்டியும் மழையின் மீது வைத்த பந்தயம்தான். பந்தயப் பணம் வங்கியுடையது. பத்து சதவீத வட்டி என்று வைத்தாலும் ஒரு கோடி ரூபாய்ச் சரக்கு ஓராண்டு அசையாமல் நின்றால் பத்து லட்சம் வட்டிக்கே போகும். வாடகை, காப்பீடு, துரு, எலி ஆகியவை தனி. (துரு என்றதும் ஒரு விதிவிலக்கு நினைவுக்கு வருகிறது. வார்ப்பிரும்பை வெயிலிலும் மழையிலும் சில மாதம் போட்டு வைத்தால் உள் இறுக்கம் தளர்ந்து, கடையும்போது கோணாது என்று பழைய ஃபோர்மேன்கள் சொல்வார்கள். எங்கள் ஸ்டோரில் கிடக்கக் கிடக்க மதிப்புக் கூடிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருந்திருக்கும்.)

கிடங்கு எங்கே இருக்க வேண்டும் என்பதையும் வணிகத் தேவை தீர்மானிக்காத காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலை 1-க்கு முன்பு வெளிமாநில விற்பனைக்குச் சி படிவத்தின் பேரில் 2 சதவீத மத்திய விற்பனை வரி உண்டு. அதே சரக்கைத் தன் சொந்தக் கிளைக்கு மாற்றினால் எஃப் படிவம் போதும், வரி கிடையாது. அதனால் ஊர் ஊராகக் கிளைக் கிடங்கு வைத்தோம். விஜயவாடாவில் ஒன்று, நாக்பூரில் ஒன்று, இந்தூரில் ஒன்று. நாக்பூர் விற்பனையாளர் 5 எச்பி மோட்டார் கேட்டுத் துடிக்கும்போது இந்தூரில் அது நாற்பது எண்ணம் தூங்கிக்கொண்டிருக்கும். எடுத்துக் கொடுக்க முடியாது, கணக்கு வேறு, படிவம் வேறு. சரக்கு, சேவை வரி வந்த பிறகு இந்தச் சிறு கிடங்குகளை மூடி இரண்டு பெரிய இடங்களில் தொகுத்தோம். ஒரு பகுதியில் மழை பெய்து விற்பனை படுத்தால் இன்னொரு பகுதியில் காய்ந்து விற்பனை எழும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்தால் மொத்த இருப்பு குறைவாக இருந்தாலும் தேவை நிறைவேறும். இன்று நெடுஞ்சாலைகளில் நாம் காணும் பெரிய கிடங்குகளுக்கு இந்த வரி மாற்றமும் ஒரு முதன்மையான காரணம்.

இருப்பு எவ்வளவு விரைவில் செல்லாக்காசாகும் என்பதற்கு நாடே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 என்ற பழைய புகைத் தரத்து வாகனங்களை விற்கவோ பதியவோ கூடாது என்று உத்தரவிட்டபோது, நிறுவனங்களிடமும் விற்பனையாளர்களிடமுமாக ஏறத்தாழ 8.24 லட்சம் வண்டிகள் நின்றிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். இரண்டே நாளில் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். கோவையிலும் ஷோரூம் வாசல்களில் கூட்டம் திரண்டதை நானே பார்த்தேன். ஏப்ரல் 1 என்ற கெடு முன்பே தெரிந்ததுதான். தயாரிப்பு நிறுத்தத்துக்கா, விற்பனை நிறுத்தத்துக்கா என்பதில் அவரவருக்கு ஏற்றபடி பொருள் கொண்டு, சரக்கை வரிசையில் விட்டுவைத்ததன் விலை அது.

அந்தச் சரக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததால் விற்றுத் தீர்ந்தது. சிறு ஆலைகளில் தேங்கும் செத்த சரக்கு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, தெரிய விடுவதுமில்லை. மாடல் மாறிப்போன இம்பெல்லர்கள், ரத்தான ஆர்டருக்காகச் சுற்றிய ஸ்டேட்டர்கள், இறுகிப்போன வார்னிஷ் டின்கள், ரேக்கின் பின்வரிசையில் கிடந்து வெடித்த ரப்பர் வளையங்கள் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மார்ச் 31 பட்டியலில் வாங்கிய விலையிலேயே மறுபடி மறுபடி எழுதப்படுகின்றன. வாங்கிய விலை, விற்றால் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதில்தான் இருப்பை மதிப்பிட வேண்டும் என்று கணக்கியல் விதி தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் ஏன் இப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் காரணம் வங்கி. இருப்பை ஈடாகக் காட்டி எடுக்கும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கில் மாதாமாதம் தரும் இருப்பு அறிக்கையை வைத்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்கிறது. இருப்பு மதிப்பில் 25 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும் வழக்கமான மார்ஜினில், இரண்டு கோடி இருப்பில் முப்பது லட்சம் செத்த சரக்கு என்று ஒருவர் நேர்மையாக எழுதினால், அந்த மாதமே அவர் எடுக்கக்கூடிய தொகையில் இருபத்திரண்டரை லட்சம் குறையும். சம்பள நாள் நெருங்கும் வேளையில் எந்த முதலாளி அதை எழுதுவார்? நகராத சரக்கைக் கழித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டியவருக்குத் தண்டனையும் மறைத்தவருக்குக் கடனும் கிடைக்கும்படி நடைமுறை இருக்கிறது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி, வரிசையாக அடுக்கிய பெட்டிகளின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, தேநீர் அருந்திவிட்டுப் போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். எங்களிடம் இளநிலை அதிகாரி ஒருவர் மட்டும் ஒருமுறை, மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டி, திறக்கச் சொன்னார். உள்ளே இருந்தது உற்பத்தி நின்று ஆறு ஆண்டுகளான மாடல். அவர் ஒன்றும் பேசாமல் குறித்துக்கொண்டார். அந்த ஆண்டுதான் எங்கள் நிறுவனத்தில் முதன்முதலாகப் பழைய சரக்கைக் கழித்துக் கட்டினோம்.

இரண்டாவது வரி. சரக்கு கெட்டுவிட்டது என்று கணக்கில் கழித்து எழுதினால், மத்திய சரக்கு, சேவை வரி (சிஜிஎஸ்டி) சட்டத்தின் 17(5) பிரிவின்படி, வாங்கும்போது கட்டிய வரிக்காக எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவைத் திரும்பச் செலுத்த வேண்டும். நட்டத்தின் மேல் இதுவும் ஏன் என்று கணக்காளர் கையைக் கட்டிக்கொள்வார். அதே பொருளைப் பழைய இரும்பாக, பழைய செம்பாக முறைப்படி பில் போட்டு விற்றால் அது விற்பனைதான். விற்ற விலைக்கு வரி கட்டினால் போதும், எடுத்த வரவு நிற்கும். இந்த வேறுபாடு தெரியாமலே பலர் குப்பையைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது காரணத்துக்குச் சட்டமும் இல்லை, விதியும் இல்லை. தான் வாங்கியது வீண் என்று ஒப்புக்கொள்ள மனம் வராததுதான் அது. 2020 மார்ச்சில் உலகச் சந்தையில் டன் 5,000 டாலருக்கும் கீழே இறங்கிய செம்பு 2021 மே மாதத்தில் 10,000 டாலரைத் தாண்டியபோது, முன்கூட்டி வாங்கி அடுக்கியவர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். அந்த ஒரு வெற்றி, எதையும் வாங்கி அடுக்கலாம் என்ற பாடத்தைப் பலருக்குக் கற்பித்துவிட்டது. செம்பு எப்போதும் செம்பாக இருக்கும். பழைய மாடலின் மூடித் தகடு அப்படி இருக்காது.

இதற்கு எதிர்முனையில், ஜப்பானிய முறை பற்றிக் கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்து, “நாளை முதல் இருப்பே வேண்டாம், வேண்டிய அன்று வரட்டும்” என்று சொல்லும் முதலாளிகளும் உண்டு. வேண்டிய அன்று வர வேண்டுமானால் தருகிறவர் எங்கோ வைத்திருக்க வேண்டும் அல்லவா? பெரிய ஆலையின் வரிசையில் இரண்டு மணி நேரத்துக்கான பாகம் மட்டும் நிற்கிறது என்றால், மீதி அதைச் செய்து தரும் சிறு நிறுவனத்தின் குடோனில், அவருடைய வட்டியில் நிற்கிறது என்று பொருள். இருப்பு ஒழிந்துவிடவில்லை, கை மாறியிருக்கிறது. அம்முறையைத் தோற்றுவித்த டொயோட்டாவே, 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, மின்னணுச் சில்லுகளை (சிப்) மாதக்கணக்கில் இருப்பு வைக்கும்படி தனக்குப் பாகம் தருகிறவர்களிடம் சொன்னது. 2021-இல் மற்ற கார் நிறுவனங்கள் சில்லு இன்றி ஆலையை நிறுத்தத் தொடங்கியபோது அது ஓரளவு தாக்குப்பிடித்தது அதனால்தான். எதை வைப்பது, எதை விடுவது என்று பொருள் பொருளாகப் பார்ப்பதுதான் ஸ்டோர் வேலை.

வெள்ளம் வந்தால் இந்தக் கணக்கு வேறு வகையில் வேலைக்கு வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்களும் சரக்கும் மூழ்கியதை நாளிதழ்களில் பார்த்தோம். அத்தகைய நேரத்தில் காப்பீட்டு சர்வேயர் முதலில் கேட்பது இருப்புப் பேரேட்டைத்தான். இரண்டு கோடிச் சரக்கை ஒரு கோடிக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், நாற்பது லட்சம் இழப்புக்கு இருபது லட்சம்தான் தருவார்கள். ஆவரேஜ் என்று அதற்குப் பெயர். பேரேடு இருந்த கணினியும் தரைத்தளத்தில் மூழ்கியிருந்தால் அந்த இருபது லட்சமும் கேள்விக்குரியதுதான்.

இதற்குச் செய்யக்கூடியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஆண்டுக்கு ஒருநாள் ஆலையை மூடி, எல்லோரும் வியர்க்க வியர்க்க எண்ணுவதற்குப் பதிலாக, ஸ்பூல் விவகாரத்துக்குப் பிறகு நாங்கள் தினமும் மாலை நான்கு மணிக்குப் பத்துப் பொருள்களை மட்டும் எண்ணினோம். செம்பு, பேரிங், கேபிள் போன்ற விலை கூடியவை மாதம் ஒருமுறையும், போல்ட், வாஷர் போன்றவை ஆண்டுக்கு ஒருமுறையும் முறைக்கு வந்தன. எண்ணுகிறவர் கையில் கணக்கு எண்ணைக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அதற்கு ஏற்றபடி எண்ணுவார். வேறுபாடு வந்தால் அன்றே காரணம் தேடினோம். கேபிளை மீட்டரில் வாங்கிச் சுருளில் வழங்கியது, சலான் இல்லாமல் கடைசலுக்குப் போனது, ஒரே பொருளுக்கு இரண்டு குறியீடு என்று எட்டு மாதத்தில் பெரும்பாலான ஓட்டைகள் தெரிந்துவிட்டன. அவற்றில் திருட்டு என்று உறுதியானது ஒன்றே ஒன்று.

ஃபிட்டரும் டர்னரும் ஐடிஐயில் படித்துவிட்டு வருகிறார்கள். ஸ்டோர் கீப்பிங் படித்து வந்த ஒருவரைக்கூட என் பணிக்காலத்தில் நான் வேலைக்கு எடுத்ததில்லை. இயந்திரத்தில் அடிபட்டவர், அலுவலகத்தில் ஒத்துப்போகாதவர், முதலாளியின் ஊர்க்காரர் ஆகியோரே ஸ்டோருக்கு அனுப்பப்பட்டார்கள். நானும் அப்படி வந்தவன்தான். கோடிக்கணக்கான சரக்கின் சாவியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, சம்பளத்தில் மட்டும் உதவியாளர் நிலையில் வைத்திருப்பது எங்கள் பகுதியில் இன்றும் மாறவில்லை. ஐடிஐக்களில் ஆறு மாதப் பயிற்சியாக, தராசு, சலான், குறியீடு, தினசரி எண்ணிக்கை, வரி விதிகள் ஆகியவற்றைக் கற்பித்தால் போதும். குறிச்சி போன்ற சிட்கோ தொழிற்பேட்டைகளில் பத்துப் பதினைந்து சிறு ஆலைகள் சீசனுக்கு முன் மூன்று மாதம் மட்டும் பகிர்ந்துகொள்ளும்படி, தரை உயர்த்திய பொதுக் கிடங்கு ஒன்றை வாடகைக்கு அமைத்துத் தரலாம். மப்பேடு போன்ற பெரும் பூங்கா எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வழிநடையில் பெட்டிகளை அடுக்கிவைத்துத் தீயணைப்பானை மறைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு இது எட்டும்.

வங்கிகளிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. செத்த சரக்கைத் தானாக முன்வந்து காட்டும் நிறுவனத்துக்கு, எடுக்கும் தொகையை ஒரே மாதத்தில் வெட்டாமல், பன்னிரண்டு மாதங்களில் படிப்படியாகக் குறைத்து, அந்தச் சரக்கை விற்றுக் கடனில் கட்ட அவகாசம் தர வேண்டும். அத்துடன், ஆய்வுக்கு வரும் அதிகாரி முன்வரிசையை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் பெட்டிகளில் தாமே தேர்ந்தெடுத்த ஐந்தைத் திறந்து பார்த்து, அவற்றின் மாடல் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்று ஆக்கினால் நல்லது. அதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ் மேலாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.